ஊசிக்கு முந்தின நாள் ரத்தம்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை அதிகாரி அவர்களே, தீயணைப்புத் தோழர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணியாரே, மலர்வளையத்தோடு வந்து முன்வரிசையில் இடம்பிடித்திருக்கும் மருத்துவர் அவர்களே, வணக்கம்.

நம் நிலைய அலுவலரை ‘ஏணி’ என்றுதான் அழைத்தோம். துணிக்கடை தீப்பிடித்தபோது மூன்றாம் மாடி ஜன்னலைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்த பெண்ணிடம் அவர் சொன்னது கீழே நின்ற எனக்கும் கேட்டது. “தங்கச்சி, கீழே பார்க்காதே, என் மூஞ்சியைப் பாரு. இதைவிடப் பயங்கரமா கீழே ஒண்ணும் இல்லை.” அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அந்த மனிதருக்கு விரையில் புற்றுநோய் வந்தது. இரு விரைகளையும் எடுத்துவிட்டார்கள். அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. உடம்பில் சுரக்காமல்போன டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

தோழர்களே, அந்த ஊசி போட்ட சில நாட்களில் ரத்தத்தில் மருந்து உச்சிக்கு ஏறும். அடுத்த ஊசி நெருங்கும்போது அடிமட்டத்துக்கு இறங்கும். அவருக்கு வைத்தியம் பார்த்த, முன்வரிசையில் இருக்கும் இந்த மருத்துவர் எப்போது ரத்தம் எடுத்தார்? எப்போதும் அடுத்த ஊசிக்கு முந்தின நாள். குறைவு என்றார், மருந்தைக் கூட்டினார். மறுபடி அதே நாளில் எடுத்தார், மறுபடி கூட்டினார். உச்சியில் எவ்வளவு என்று ஒருமுறையாவது பார்த்தாரா? ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று சோதித்தாரா?

அண்ணி கேட்டார். நானும் கூட இருந்தேன்.

“ஊசி போட்ட வாரம் முகம் செக்கச்செவேல்னு ஆயிடுது டாக்டர். தலைவலியில தூங்கவே மாட்டேங்கிறார். அப்ப ஒரு தடவை எடுத்துப் பாருங்களேன்.”

“ஏம்மா, வைத்தியம் நான் பார்க்கட்டுமா, நீங்க பார்க்குறீங்களா?”

இதுதான் இவர் சொன்ன பதில்.

ஒருநாள் காலைப் பயிற்சியில் தண்ணீர்க் குழாய் அண்ணன் கையிலிருந்து நழுவியது. என்னண்ணே என்று திரும்பினேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மூளையில் ரத்தம் உறைந்துவிட்டது. அவசரப் பிரிவு மருத்துவர் எங்களிடம் சொன்னார்: “ரத்தம் பாகு மாதிரி இருக்கு. அளவைக் குறைச்சு, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டிருந்தா இவ்வளவு ஏத்த இறக்கம் இருந்திருக்காது. எந்த நாள் ரத்தம் எடுத்தாலும் ஓரளவு நிஜம் தெரிஞ்சிருக்கும்.”

வாசலில் யாரோ விதி என்றார்கள். விதியா? விதி வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டா வரும்?

மருத்துவரே, மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்துவிட்டோம். விசாரணை அறையில் அண்ணி கேட்ட அதே கேள்வியை உங்களிடம் கேட்பார்கள். அப்போது எதிரில் நாங்கள் இருப்போம். உங்களிடம் இதே ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டுவோம், எந்த நாளில் ரத்தம் எடுக்கச் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுப்போம். உங்கள் பெயர்ப்பலகை இறங்கும்வரை ஓயமாட்டோம். இது எங்கள் அண்ணன்மேல் ஆணை.

இப்போது அஞ்சலிக்காக எல்லோரும் எழுந்து நிற்போம்.

மருத்துவரே, நீங்கள் மட்டும் உட்கார்ந்திருங்கள். உங்கள் மரியாதை அவருக்கு வேண்டாம்.