கொம்பில்லாத தலை

சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் நின்ற புளியங்குடி பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் மடியில் ஆட்டுக்குக் கடலைக்கொடி போடும் கம்பிக்கூடை.

"கம்பி இடுக்குல என் தலையை விட்டுப் பாத்துத்தான் வாங்கினேன் அண்ணாச்சி. நுழையலை."

"உமக்குக் கொம்பு இருக்கா வே?" என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர். "ஆடு தலையைச் சாய்ச்சு உள்ள விட்டுரும். வெளிய எடுக்கையில கொம்பு மாட்டிக்கிடும். என் சினையாடு அப்படித்தான் கழுத்து முறுகிச் செத்துது. கம்பியை நெருக்கி வையும்."

"நெருக்கினா கொடியை இழுக்கச் செரமப்படுமே?"

"கொஞ்சங்கொஞ்சமா உருவட்டும். மொத்தமா இழுத்தா கீழ சிந்தும். மிதிபட்டதை ஆடு மோந்துகூடப் பாக்காது."

பஸ் கிளம்புமுன் கூடைக்காரர் இறங்கி, கூடை வாங்கிய வெல்டிங் கடைக்கே திரும்பினார்.

நான் மடியில் சிந்திய முறுக்கைப் பொறுக்கினேன். செருப்படியில் கிடந்த துண்டையும் ஊதி வாயில் போட்டுக்கொண்டேன்.