காந்தம் ஒட்டிய கோல்ட் ஸ்டார்

கதிர்காமத்தம்பி: ...எடுத்தான் பாரு அந்தக் கொழும்பான், பொக்கட்டுக்குள்ள இருந்து ஒரு காந்தம்! என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. நேர கொண்டுபோய் என்ட வண்டிட சிலிண்டர்ல வெச்சான். டக்கெண்டு ஒட்டிச்சி.

இப்றாஹிம்: காந்தமா? கொழும்பு ஆக்கள் இப்ப அதையும் பொக்கட்டில வெச்சிட்டா திரியிற?

கதிர்காமத்தம்பி: பகிடி விடாத இப்றாஹிம். எனக்கு ரெத்தம் கொதிக்குது.

இப்றாஹிம்: முதல்ல கதிரையில இரிங்க ஓவசியர். களுவாஞ்சிக்குடியில இருந்து காத்தான்குடி மட்டும் பஸ்ஸில நிண்டே வந்திரிப்பீங்க. எனக்கு நோம்பு. உங்களுக்கு ஒரு டீ சொல்லட்டா?

கதிர்காமத்தம்பி: டீ குடிக்கவா வந்தன்? அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ஒறிஜினல் கோல்ட் ஸ்டார் மோட்டர்சைக்கிளுக்கு சிலிண்டர் அலுமினியம் ஐயா. அதில காந்தம் ஒட்டாது. இது சாதாரண பி.எஸ்.ஏ. ஒண்டுக்கு ரேஸ் வண்டிட உடுப்புப் போட்டிரிக்கு. நகல்." என்ட முத்தத்தில நிண்டு சொல்றான்! என்ட பிள்ளைக்கு முன்னால!

இப்றாஹிம்: யசோதினியும் நிண்டவவா?

கதிர்காமத்தம்பி: பக்கத்தில. அவள்தான் விடிய எழும்பி, ஆள் வரப் போறார் எண்டு வண்டியத் துடைச்சி வெச்சவள்.

இப்றாஹிம்: ஆரு ஓவசியர் அந்த ஆள்?

கதிர்காமத்தம்பி: சண்டை முடிஞ்சி றோட்டுத் திறந்திட்டுத்தானே. நாட்டில மிச்சம் இரிக்கிற பழைய ரேஸ் வண்டியெல்லாம் தேடி எழுதுறானாம். கையில ஒரு கொப்பி. ஒறிஜினல் ஒரு பக்கம், நகல் ஒரு பக்கம். என்ட பேரை நகல் பக்கத்தில எழுதுறான்! அறுவத்தேழில நுவரெலியா மலை ரேஸில ஓடினவன் நான். அப்ப இவன் பிறந்திரிக்கவும் மாட்டான்.

இப்றாஹிம்: ஓடின கதை எனக்குத் தெரியாதா? மூணாவது வளைவில விழுந்த கதையும் தெரியும்.

கதிர்காமத்தம்பி: விழல்ல! சறுக்கினது!

இப்றாஹிம்: சரி, சரி... சறுக்கினது.

கதிர்காமத்தம்பி: இப்ப பொத்துவில் பக்கம் போயிரிக்கான். நாலு மணிக்குத் திரும்பவும் என்ட வீட்டுக்கு வருவான். நீ வெளிக்கிடு. அவனுக்கும் என்ட வீட்டாக்களுக்கும் முன்னால நிண்டு, இது ஒறிஜினல்தான் எண்டு ஒரு வார்த்தை சொல்லு.

இப்றாஹிம்: நானா?

கதிர்காமத்தம்பி: வேற ஆரு? தொண்ணூற்றஞ்சில, கண்டவனெல்லாம் வீடு வீடாப் பூந்து மோட்டர்சைக்கிள் பறிச்ச காலம். வாறவனுக்குத் தூக்கிக் குடுக்கிறதுக்கெண்டு, பழைய பி.எஸ்.ஏ. ஒண்டில என்ட வண்டி மாதிரியே செஞ்சி தந்தது ஆரு? நீதானே?

இப்றாஹிம்: ஓம். மூணு மாசம். தகரத்த அடிச்சி அடிச்சித்தான் இந்த இடது காது மந்தமானது.

கதிர்காமத்தம்பி: நீ செஞ்சத முன் அறையில நிப்பாட்டினம். ஒறிஜினல நெல்லு மூட்டைக்குப் பின்னால ஒளிச்சம். ரெண்டாயிரத்து மூணில நான் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பில கிடக்கக்க வந்தானுகள். முன் அறையில நிண்டதக் கொண்டு போயிட்டானுகள் எண்டுதானே என்ட மனிசி மங்கை சொன்னவள்? அப்ப மிச்சம் நிக்கிறது எது?

இப்றாஹிம்: வேலை கிடக்கு ஓவசியர், பிறகு கதைப்பம்.

கதிர்காமத்தம்பி: கேட்டதுக்கு வாயத் திற!

இப்றாஹிம்: அதுக்கு மறுகா சுனாமிக் கடல் வந்ததே ஓவசியர். உப்புத் தண்ணி...

கதிர்காமத்தம்பி: உப்புத் தண்ணி அலுமினியத்த இரும்பாக்குமா?

இப்றாஹிம்: நான் அப்பிடிச் சொல்லல்ல...

கதிர்காமத்தம்பி: மணலுக்குள்ள இருந்து இந்தக் கையால தோண்டியெடுத்து உன்னட்டத்தான் அனுப்பினன். ஆறு மாசம் உன்ட கராஜில கிடந்தது. அவன் கேக்கிறான், "திருத்தின ஆள் நல்லதக் கழட்டிட்டு மாத்திப் பூட்டினானோ" எண்டு.

இப்றாஹிம்: என்ன? என்ன சொன்னான்? நான் கள்ளனா? நாப்பது வருசமா இந்தக் கராஜில ஆருட ஆணியொண்டு மாறியிரிக்கு? நீங்களும் கேட்டுக்கிட்டு நிண்டீங்களா?

கதிர்காமத்தம்பி: வாசலக் காட்டினன். ஆனா நீ வந்து சொல்லாட்டி அவன் சொன்னதுதான் நிக்கும்.

இப்றாஹிம்: நான் வரமாட்டன்.

கதிர்காமத்தம்பி: ஏன்?

இப்றாஹிம்: நோம்பு வாயால பொய் சொல்ல ஏலாது.

கதிர்காமத்தம்பி: பொய்யா? என்ன பொய்?

இப்றாஹிம்: விடுங்க ஓவசியர்... வீட்ட போங்க...

கதிர்காமத்தம்பி: கள்ளன் எண்ட பேரோடயே இரிக்கப் போறியா?

இப்றாஹிம்: ஒறிஜினல் போயிட்டு! ரெண்டாயிரத்து மூணிலயே போயிட்டு! உங்கட முத்தத்தில நிக்கிறது நான் செஞ்சது. இரும்புச் சிலிண்டருக்கு வெள்ளிப் பெயின்ட் அடிச்சது நான். நெல்லு மூட்டைக்குப் பின்னால அதை மாத்தி நிப்பாட்டி, படங்குத் துணியால மூடினதும் நான். போதுமா?

கதிர்காமத்தம்பி: அப்ப மங்கை சொன்னது?

இப்றாஹிம்: மங்கையக்காவோட கோவிக்காதீங்க. அவங்கள் வண்டிக்கு வரல்ல. யசோதினிக்கு வந்தவங்கள். இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை தரணும் எண்டு. நல்ல காலம், பிள்ளை டியூசனுக்குப் போயிட்டா. அக்கா முன் அறை வண்டியக் காட்டி, இதைக் கொண்டு போங்க, பிள்ளைய விடுங்க எண்டிரிக்கா. வந்ததில ஒருத்தனுக்கு வண்டி விளங்கும். சிலிண்டர நகத்தால சுரண்டிப் பாத்துச் சிரிச்சானாம். மறுகா என்ன செய்ற? அக்கா மூட்டைய ஒவ்வொண்டா இழுத்துப் போட்டா. உங்கட வண்டி லேசில ஸ்டார்ட் எடுக்காதுதானே. எனக்குப் போன் வந்திச்சி. நான்தான் வந்து உதைச்சி எடுத்துக் குடுத்தன்.

கதிர்காமத்தம்பி: எனக்கு ஏன் சொல்லல்ல?

இப்றாஹிம்: அக்கா சத்தியம் வாங்கினவ. கண் வெட்டின ஆள், அழக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவராம். கண் சுகமானதும் சொல்லுவம் எண்டா, அடுத்த வருசம் கடல் வந்திட்டு. நீங்க அந்த மணலுக்குள்ள இருந்து வண்டியத் தோண்டியெடுத்துக் கட்டிப் புடிச்சிட்டு நிண்ட நேரம் ஆருக்குச் சொல்ல மனம் வரும்?

கதிர்காமத்தம்பி: குருமண்வெளித் துறையாலதானே வண்டியத் தோணியில ஏத்தினது?

இப்றாஹிம்: ஓம், ரெண்டு தோணியச் சேத்துக் கட்டி... நில்லுங்க. அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

கதிர்காமத்தம்பி: தோணிக்காரன் சொன்னவன். "இனி பிள்ளைக்கெண்டு வரமாட்டாங்கள்தானே" எண்டு மங்கை அவனிட்டத் திருப்பித் திருப்பிக் கேட்டவளாம். தோணி அங்கால கரை சேருமட்டும் துறைய விட்டு அசையல்லயாம்.

இப்றாஹிம்: எப்ப சொன்னான்?

கதிர்காமத்தம்பி: கடல் வந்த அடுத்த மாசம். நான் தோண்டியெடுக்கக்க உன்ட வெள்ளிப் பெயின்ட் கழண்டு சிலிண்டர் சிவப்பாத் துருப்பிடிச்சிக் கிடந்தது. அலுமினியம் துருப்பிடிக்காது எண்டு எனக்குத் தெரியாதா? பிறகுதான் ஒவ்வொருத்தராப் போய் விசாரிச்சன். மங்கைக்கு நான் காட்டிக்கொள்ளல்ல.

இப்றாஹிம்: அஞ்சி வருசமாத் தெரியுமா? தெரிஞ்சிக்கிட்டா இவ்வளவு நேரமும் என்னைப் போட்டு வதைச்சீங்க? நோம்பாளியக் கத்த வெச்சீங்களே! ஒரு கொப்பியில பேர் ஏறுறதுக்காக என்னைப் பொய் சொல்லக் கூப்பிடுறீங்களா?

கதிர்காமத்தம்பி: கொப்பியத் தூக்கி ஆத்தில போடு. அவன் போன கையோட பிள்ளை கேட்டாள், "அப்பா, இது நகல் எண்டா ஒறிஜினல் எங்க? ஏன் அதைக் குடுத்த?" எண்டு.

இப்றாஹிம்: சொல்ல வேண்டியதுதானே, உனக்காகத்தான் குடுத்தம் எண்டு. அவவும் இப்ப வளந்த பிள்ளை. அதில என்ன வெக்கம்? பெருமைதானே?

கதிர்காமத்தம்பி: பெருமையா? எங்கட வீட்டால போனவங்கள் நேர பக்கத்து வளவு இரத்தினம்மாட்டப் போனவங்கள் இப்றாஹிம். அவட மகள் கம்சாயினி, யசோதினியோட ஒரே வாங்கில இருந்து படிச்சவள். அண்டைக்கு அவங்கள் கொண்டு போனவள் இன்னும் வரல்ல. தாய் இப்ப முகாம் முகாமாத் தேடித் திரியிறா. அவவுக்குக் கடிதமெல்லாம் எழுதிக் குடுக்கிறது என்ட பிள்ளை. அந்த வீட்டில குடுக்கிறதுக்கு ஒரு வண்டி இருக்கல்ல எண்டு, யசோதினிக்கு நான் எந்த வாயால சொல்ற?