மாப்பிள்ளையின் வலக்கை

பாரிஸ் லா ஷப்பலில் மரக்கறிக் கடை வரிசை நகர்வதாக இல்லை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்டவள் ஒரு கல்யாணப் பெண்ணின் சித்தி. முருங்கைக்காய்க் கட்டோடு நின்றவள் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள்.

“தேத்தண்ணியை இடக்கையாலை வாங்கினவனுக்கு என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது?” என்றாள் சித்தி.

“அமெரிக்காவிலை வளந்த பெடியன் அக்கா. அவனுக்கு உதெல்லாம் தெரியாது.”

“பேஸ்பால் எறியிறதும் ஒரு வேலையே?”

“எறிஞ்சுதானே வீடு வாங்கினவன்.”

“அங்கை வருசா வருசம் அணியள் பெடியளைப் பேர் சொல்லி எடுக்கிறவையாம். இவனை ஒருத்தரும் எடுக்கேல்லையாம். என்ரை மகன் இன்ரநெற்றிலை பாத்துச் சொன்னவன்.”

“ஓம், எடுக்கேல்லைத்தான். பிறகு தானாப் போய், எறிஞ்சு காட்டி, உள்ளுக்கை வந்தவன். அது கெட்டித்தனமில்லையே?”

“இப்பவும் எறியிறானோ?”

“எறியாமல்? லீவிலை வந்து நிக்கிறான்.”

வரிசை ஓரடி நகர்ந்தது. சித்தி குரலைத் தாழ்த்தினாள்.

“அண்டைக்கு கார்ஜிலை இருக்கிற எங்கடை வீட்டை, கதிரையிலை இருந்தவனிட்டை ஒரு தோடம்பழத்தை எறிஞ்சு பாத்தனான். டக்கெண்டு இடக்கையாலை பிடிச்சான்.”

“பேஸ்பால்காரர் பிடிக்கிறது இடக்கையாலைதான் அக்கா. எறியிறதுதான் வலக்கை.”

“தெரியும். அதுதான், திருப்பி எறியும் தம்பி எண்டனான்.”

“எறிஞ்சவனோ?”

“எழும்பி வந்து, வலக்கையைத் தூக்காமல், இடக்கையாலையே என்ரை கையிலை வைச்சிட்டுப் போனான்.”