பனிக்குத் தப்பிய செடிகள்

குளிர்காலத்தில் குரோட்டன்ஸுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் பட்டால் கோபித்துக்கொண்டு இலையை உதிர்த்துவிடும்.

நான் நகரசபைப் பூங்காவில் மேற்பார்வையாளன். கோடை வந்ததும் வெயில் தேசத்துச் செடிகளை வரவழைத்துப் பாத்தி முழுக்க நடுவோம். சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக இலைகள், பூவே தேவையில்லை. கல்யாண ஜோடிகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். முதல் பனி விழப்போகிறது என்றதும் மேலிடத்து உத்தரவு வரும்: பிடுங்கி லாரியில் ஏற்று. உயிரோடு இருக்கிற செடியை, ஐயா. அடுத்த கோடைக்குப் புதிதாக வாங்கிக்கொள்ளலாமாம். மற்றவர்கள் அரட்டை அடித்துக்கொண்டே பிடுங்குவார்கள். எனக்குக் கை வராது. இந்த வருடம் முடிந்த மட்டும் வீட்டுக்கு அள்ளி வந்தேன். திருட்டு என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் நானும் அண்ணனும்தான். பக்கவாதம் வந்து கை கால் விழுந்ததிலிருந்து அவருக்குப் பின்னறையில் கட்டில். முன்னறையில் நாள் முழுக்க வெளிச்சம், அது செடிகளுக்கு. ஹீட்டர் ஒன்றுதான். இரண்டு போட்டால் ஃபியூஸ் போய்விடும். அண்ணன் அறையில் இருந்ததை முன்னறைக்கு மாற்றினேன்.

அண்ணனுக்கு வாய் மட்டும் விழவில்லை. "டேய், அடுத்த ஜென்மத்துல உனக்கு அண்ணனா வேணாம்டா. குரோட்டன்ஸா பொறந்துக்கிறேன்" என்றார்.

"அது உன்ன மாதிரி தொணதொணக்காது" என்றேன். இருவரும் சிரித்தோம். எங்களுக்குள் மனஸ்தாபமே கிடையாது.

மறுநாள், "என் கட்டிலையும் அங்கயே தள்ளிப் போடேன்டா. ஓரமா கெடக்குறேன்" என்றார். யோசிக்காமல் இல்லை. கட்டில் வந்தால் ஒரு வரிசைத் தொட்டி வெளியே போக வேண்டும். எந்த வரிசை என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

அவரைப் பார்க்க வாராவாரம் வரும் நர்ஸம்மா, பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார். "சார், கழுத்து வரைக்கும் போத்தி விடுங்க. அவரால இழுத்துக்க முடியாது."

நல்ல மனுஷி. நல்ல கெட்டிக் கம்பளி. முன்னறை ஜன்னல் இடுக்கில் காற்று வந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை வந்தபோது கம்பளி ஜன்னலில் தொங்குவதைப் பார்த்தார். பின்னறைக்குப் போனவர் திரும்பிவந்து, "செடிக்கா சார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு அழுதுகொண்டே அதை அவிழ்த்துப்போய் அண்ணனுக்குப் போர்த்தினார். செத்தவருக்கு. அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

நர்ஸம்மா கேட்டதையேதான் நீங்களும் கேட்கிறீர்கள். ஆமாம், கம்பளியை எடுத்தது நான். ஹீட்டரை எடுத்ததும் நான். அண்ணன் செத்த அன்று கடும்பனி விழும் என்று தெரியும். அது தெரிவதுதான் என் உத்தியோகம். சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார். சூடு வெளியேறாமலிருக்க முன்னறைக் கதவைச் சாத்தியிருந்தேன், ஆனாலும் கேட்டது. நான் தலைகுனிய ஒன்றுமில்லை. ஒரு செடிகூடச் சாகவில்லை, போய்ப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவதை அவரே நிறுத்திக்கொண்டார். நிஜமாகவே குளிர்ந்திருந்தால் நிறுத்தியிருப்பாரா?