பேரிங் தட்டாது

பாதி முகத்தில் சோப்பு காய்ந்துகிடப்பதைப் பார்த்து ரைட்டர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். சலூன் நாற்காலியிலிருந்து எழுந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். துடைத்துக்கொள்ள ஒரு துணி கொடுத்தால் போதும் ஐயா, டீ வேண்டாம். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம். நடுவில் நிறுத்தினால் விளங்காது.

என் பெயர் தணிகாசலம். பிள்ளையார்பாளையத்தில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டுக்கடை மயில்வாகனம் முதலாளியின் கறுப்புக் கார் தாமல் ஏரிக்குள் போய், அவர் செத்து, டிரைவர் வீரபத்திரனை நீங்கள் பிடித்து உள்ளே வைத்து இன்றோடு பத்தொன்பது நாள். அவன் மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். அவன் பெண்சாதி பொன்னியம்மாள் அழுகிற அழுகையைப் பார்த்துவிட்டு, மனுஷனாகப் பிறந்தவன் சும்மா இருக்க முடியுமா?

முதலில் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

காரின் முன்பக்கத்தில் சத்தம் வந்தால் பத்துப் பேர் பத்துக் காரணம் சொல்வார்கள். அவசரப்படக் கூடாது. சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பார்க்க வேண்டும். பெரிய பள்ளத்தில் இறங்கும்போது ‘தொப்’ என்று ஒரே ஒரு அடி விழுந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கலாம். சின்னக் கல்லின் மேல் மெதுவாகப் போகும்போது ‘லொட லொட’ என்று வந்தால் அது வேறே. வண்டியை நிறுத்திவிட்டு, ஒருவரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இப்படி ஒரு விரற்கடை, அப்படி ஒரு விரற்கடை ஆட்டச் சொல்ல வேண்டும். அப்போதும் அதே லொட லொட கேட்டால் சந்தேகமே வேண்டாம். டை ராடு முனை.

டை ராடு என்பது ஒரு கம்பி, ஐயா. ஸ்டியரிங் சொல்வதைச் சக்கரத்துக்கு எடுத்துக்கொண்டு போகும். அதன் முனையில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. உங்கள் தோள்மூட்டு மாதிரிதான். தேய்ந்துபோனால் குண்டு உள்ளே ஆடும். ஆடினால் தட்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள், உடைவதற்கு முன்னால் அதுவே கதவைத் தட்டிச் சொல்லிவிடுகிறது.

முதலாளியின் கார் வைகாசியிலேயே தட்ட ஆரம்பித்துவிட்டது. வீரபத்திரன்தான் கொண்டுவந்தான். அவனையே உட்காரவைத்து ஆட்டச் சொன்னேன், நான் அடியில் படுத்து மூட்டின் மேல் விரலை வைத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இடது பக்க டை ராடு முனை என்று சொல்லி அனுப்பினேன்.

மயில்வாகனம் நம்பவில்லை. காரை மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே கழுத்தில் டை கட்டிய ஒருவர் காரைச் சுற்றி வந்து, ஷாக் அப்சார்பர் என்று இங்கிலீஷில் சொன்னாராம். இரண்டையும் மாற்றினார்கள். கார் புது ஷாக் அப்சார்பரோடு பழைய சத்தத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது.

இதில் எனக்கு வருத்தமில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பட்டா, கலப்பா என்று ஒரு நூலைக் கொளுத்தி முகர்ந்தே சொல்கிறவர் அவர். ‘இருங்க முதலாளி, எதுக்கும் மெட்ராஸ் மூக்கு ஒண்ணை வெச்சுப் பாத்துடறேன்’ என்று நான் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

ஐப்பசியில் அவரே பட்டறைக்கு வந்தார். வாசலில் தறிக்குப் பாவு நனைக்கிறவர்களும் பஞ்சாயத்துப் பேசுகிறவர்களுமாக எட்டு ஒன்பது பேர் இருந்தார்கள். நான் மறுபடி டை ராடு என்றேன். அவர் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“நீ தறிச் சத்தம் கேட்டு வளந்தவன்பா. எது லொடலொடன்னாலும் உன் காதுக்கு நாடா ஓடறாப்லதான் இருக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தறியில் நாடா குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த வீட்டுத் தறி, யார் கை என்று தெருக்கோடியிலிருந்து சொல்கிறவன் நான் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள்.

அவர் வந்த காரியம் இதுதான். மறுநாள் காலை வாலாஜாவில் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறார். “சம்பந்தி வாசல்ல இது லொடக்கு லொடக்குன்னு போய் நிக்கக் கூடாது. சத்தம் நிக்கணும், அவ்ளோதான். மத்தத மெட்ராஸ்ல பாத்துக்கறேன்” என்றார். புது முனை வரவழைக்க இரண்டு நாளாகும் என்றேன். கையை ஆட்டினார், ஈ ஓட்டுகிற மாதிரி.

சத்தத்தை மட்டும் நிறுத்துவது சுலபம், ஐயா. டை ராடு மூட்டைக் கழற்றி, ரப்பர் மூடியை விலக்கி, குண்டைச் சுற்றிப் பட்டுக் கழிவு நூலைக் கிரீஸில் தோய்த்து அடைத்தேன். பஞ்சு நசுங்கி மாவாகிவிடும், பட்டு தாங்கும். அவருடைய தறியில் சிக்கு விழுந்து வந்த நூல்தான். சுத்தமான பட்டு, கொளுத்திப் பார்த்தேன்.

வீரபத்திரன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினான்.

“சரியாப் போச்சா மேஸ்திரி? நம்பி ஓட்டலாமா?”

“சத்தம் இருக்குதா?”

“இல்லியே.”

“அப்புறம் இன்னாபா.”

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். சத்தம் இருந்தவரை அவன் இருபது மைல் வேகத்துக்கு மேல் ஓட்டவே மாட்டான். அந்த லொடலொடதான் அவன் காலைப் பிடித்து வைத்திருந்தது. சத்தம் போனதும் வண்டி பல்லக்கு மாதிரி ஆகிவிட்டது. பின்னால் சம்பந்தி வீட்டுக்கு அவசரப்படுகிற முதலாளி. எவனாக இருந்தாலும் மிதிப்பான். ஆகவே வேகமாக ஓட்டினான் என்று அவன் மேல் நீங்கள் எழுதியிருப்பது நியாயமில்லை. அந்த வேகம் நான் கொடுத்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. மூட்டைக் கழற்ற வேண்டுமானால் அதன் நட்டைக் கழற்ற வேண்டும். நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு சின்னப் பின் இருக்கும். கொண்டை ஊசி மாதிரி இரண்டு கால். செருகிவிட்டுக் காலை விரித்துவிட்டால் வண்டி உள்ளவரை நட்டு அசையாது. திரும்பப் பூட்டும்போது நட்டைக் கையாலேயே முடுக்கினேன், ஸ்பானர் போடவில்லை. அந்தப் பின்னையும் போடவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு வாஷர்கூட மறந்ததில்லை. இதோ, இந்தக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், அந்தப் பின்தான். தொலைத்துவிடாதீர்கள்.

பின் இல்லாத நட்டு ஜல்லி ரோட்டில் அதிர்ந்து அதிர்ந்து எத்தனை மைலில் இறங்கும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. தாமல் ஏரிக்கரை வளைவு என்று நினைத்தேன். அரை மைல் முன்பின்னாக இருக்கலாம் என்று பயந்தேன், இல்லை, வளைவிலேயே நடந்திருக்கிறது. வலது சக்கரம் ஸ்டியரிங் சொன்னபடி திரும்பியிருக்கும். இடது சக்கரத்துக்குச் சொல்ல ஆளில்லை. அந்த வாரம் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். நட்டைத் திரும்பப் பூட்டுவதற்கு முன்னாலேயே வீரபத்திரனிடம் பேச்சோடு பேச்சாக, நீச்சல் தெரியுமா என்று கேட்டு வைத்துக்கொண்டேன். பாலாற்றங்கரையில் பிறந்தவன், தெரியாமல் என்ன என்றான். அதற்குப் பிறகுதான் எனக்கு மனசு ஒப்பியது. முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. அவர்தான் என் பேச்சைக் காதில் வாங்குகிறவர் இல்லையே.

பொன்னியம்மாள் பட்டறைக்கு மூன்று தடவை வந்தாள். “வண்டியத் தொட்டவரு நீங்க. ஒரு வார்த்த சொன்னீங்கன்னா உட்டுருவாங்க மேஸ்திரி” என்றாள். பெஞ்சியில் உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, ஏகாம்பரேஸ்வரர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று தடவையும் சோடா கொடுத்தேன். மூன்றாம் தடவை அவள் குடிக்கவில்லை.

இன்று காலை வீரபாகு சலூனில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் பேப்பரை உரக்கப் படித்தார். காரைப் பரிசோதித்த நிபுணர் அறிக்கை கொடுத்திருக்கிறாராம். முன்சக்கர பேரிங் தேய்ந்து பல மாதங்களாகத் தட்டிக்கொண்டிருந்ததாம், டிரைவர் கவனிக்காமல் விட்டதே விபத்துக்குக் காரணமாம். கழன்று தொங்கிய டை ராடு, ஏரியில் விழுந்த வேகத்தில் கழன்றதாம். எல்லாரும் தலையாட்டினார்கள். கையில் கத்தியோடு சலூன்காரன் வீரபாகு சொன்னான்: “நான் அன்னிக்கே சொன்னேன்பா, பேரிங்குனு.”

நான் எழுந்துவிட்டேன்.

ஐயா, பேரிங் தேய்ந்தால் முனகும். வண்டு ரீங்காரம் மாதிரி, வேகம் கூடக் கூட முனகலும் கூடும். அது தட்டாது. எந்த ஊரிலும், எந்த வண்டியிலும் தட்டாது.

கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல்லுங்கள். வீரபத்திரனை இன்றைக்கு விடுவீர்களோ, நாளைக்கு விடுவீர்களோ, அது உங்கள் சௌகரியம். பேரிங் என்று எழுதியிருக்கிறதே, அதை மட்டும் என் கண் முன்னாலேயே அடித்துவிடுங்கள்.