தொண்டை அங்கே, முட்டு இங்கே

ஸ்ரீகலா: ...எல்லாத்துக்கும் இல்லன்னு எழுதிட்டு சாயா குடிங்க அக்கா.

ஜிஷா: வீடு வீடா நோவு கேக்க ஆஷா வேலைக்கு, சாயா குடிக்கவா விட்டிருக்காவ? ஒரே கேள்வியாக்கும். பிள்ளைக்குத் தொண்டை நோவு வந்ததா?

ஸ்ரீகலா: கொசு கேட்டாச்சு, கிணறு கேட்டாச்சு. இனி தொண்டையா?

ஜிஷா: இந்த வருஷம் புதுசு. அஞ்சு வயசுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் உள்ள பிள்ளையள எண்ணணும். உனக்க மக தன்யாவுக்கு ஒம்பதுல்லா?

ஸ்ரீகலா: ஒம்பது. தொண்டை நோவு ஒண்ணும் வரல்ல.

ஜிஷா: பின்ன என்னத்துக்கு சுவரப் பிடிச்சு நடக்கா?

ஸ்ரீகலா: அதா... ஸ்கூல்ல விழுந்துட்டா. கால் முட்டு வீங்கிட்டு. நெய்யாற்றங்கரைல எலும்பு டாக்டர்ட்ட காட்டினோம். எலும்புக்கு ஒண்ணும் இல்லியாம்.

ஜிஷா: இப்பவும் முட்டுதான் நோவுதா?

ஸ்ரீகலா: முட்டு சுகமாச்சு. இப்ப கணுக்கால்.

ஜிஷா: விழுந்த நோவு இடம் மாறிப் போவுமா மக்கா? டாக்டர் சீட்ட எடு.

ஸ்ரீகலா: இந்தா... ஐயோ, அது வேண்டாம், அத இஞ்ச தாங்க—

ஜிஷா: விடு, நான் பாக்கேன். இது களியக்காவிளை சீட்டுல்லா? உனக்க அம்மை வீட்டு விலாசம். தொண்டையில சீழு, காய்ச்சல்... ஜூன் நாலு. முட்டுச் சீட்டு ஜூன் இருபத்திநாலு.

ஸ்ரீகலா: தொண்டைக்கு பார்டர் தாண்டி அந்தப் பக்கம் கைராசி டாக்டர் உண்டு. எலும்புன்னா இந்தப் பக்கம். எல்லாரும் அப்பிடித்தானே போறாவ?

ஜிஷா: போறாவ. ரெண்டு டாக்டரும் பாதி பாதி கண்டாவ. சேர்த்துக் காண ஆளில்ல. தொண்டை நோவு வந்து ரெண்டு மூணு வாரத்துல முட்டு வீங்கும், நோவு மாறி மாறி வரும்... வாதப்பனின்னு கிளாஸ்ல படிப்பிச்சாவ. வாதக் காய்ச்சல்.

ஸ்ரீகலா: காலு நோவுதானே, தைலம்—

ஜிஷா: தைலத்த வை. காலு நோவு போயிரும். நெஞ்சுக்குள்ள வால்வு கெட்டா அது போவாது.

ஸ்ரீகலா: நெஞ்சா... ஓடிச் சாடி நடந்த பிள்ளையாக்கும் அக்கா.

ஜிஷா: நான் டாக்டர் இல்ல. அதுவா இல்லாமலும் இருக்கலாம். இன்னைக்கே ரெண்டு சீட்டயும் ஒரே கையில கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தம் பாப்பாவ, நெஞ்சுக்கு எக்கோ எடுப்பாவ. அதுதான்னா மூணு வாரத்துக்கு ஒருக்கா ஊசி. வருஷக்கணக்குல.

ஸ்ரீகலா: அக்கா...

ஜிஷா: என்ன?

ஸ்ரீகலா: அந்தப் பக்கத்து டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை தந்தாரு. மூணாம் நாள் அவ நல்லா சோறு தின்னா. நான் நிறுத்திட்டேன். அவ அப்பாட்ட சொல்லிராதீங்க.

ஜிஷா: பத்து நாளும் குடுத்தாதானே கிருமி சாவும் மக்கா.

ஸ்ரீகலா: நான் செய்ததுதானே இது?

ஜிஷா: அழாத. பிள்ளை பாக்கா.

ஸ்ரீகலா: நம்ம வார்டுல இப்பிடி வேற பிள்ளையள் உண்டா?

ஜிஷா: போன சுத்து லிஸ்டுல ஒண்ணும் இல்ல. ஜூன் முதல் வாரம் எடுத்தது. தொண்டை நோவு... சைபர்.

ஸ்ரீகலா: ஜூன் முதல் வாரமா? அப்பல்லா இவ எச்சில் இறக்க முடியாம கிடந்தா! என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லியே அக்கா. கேட்டிருந்தா அந்த மாத்திரைய எடுத்துக் காட்டியிருப்பேன். நிறுத்தாதேன்னு சொல்லியிருப்பியள்ல?

ஜிஷா: சொல்லியிருப்பேன்... மழையாக்கும் மக்கா. நான் ஒரு வீட்டுக்கும் போவல்ல. எனக்க அடுக்களையில இருந்து, நூத்திப்பத்து வீட்டுக்கும் நானே இல்லன்னு எழுதினேன்.