ஒரு கணக்கு, இரண்டு வளைவு

"ஒரு கணக்குக்கு எதுக்கு ரெண்டு வளைவு போட்டிருக்கான்?"

பி.யு.சி. வகுப்புகள் வந்த புதிதில், விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் காதில் விழுந்தது இது. கேட்டவன் அச்சாபீஸ்காரன், நகக்கண்ணில் மை இருந்தது. பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் அவன் மாமன் மகள். தை மாதம் அவர்களுக்குக் கல்யாணம் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவன் கையில் இருந்த கிராப் தாளில் படம் போட்டுக் கொடுத்தவன் அவளுடன் படிக்கும் பையன்.

"ஹைப்பர்போலான்னா ரெண்டுதான், அத்தான்."

"எங்க கம்பெனி லேபிள்ல ஒரு மயிலுக்கு ஒரு தோகைதான் போடுவோம். ஒண்ணு கணக்குக்குச் சரி. அதைப் பாத்துக்கிட்டு இன்னொண்ணு நிக்குதே, அது யாருக்கு?"

"பாத்துக்கிட்டு நிக்கல. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. நல்லாப் பாருங்க."

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"எக்ஸ் வர்க்கத்துல ஒய் வர்க்கத்தைக் கழிச்சா நாலு வரணும். ஒய் சைபர்னு வைங்க. எக்ஸுக்கு ரெண்டு போட்டாலும் நாலு, மைனஸ் ரெண்டு போட்டாலும் நாலு. அதான் ரெண்டு பக்கமும் வருது."

"நடுவுல ஏன் சேரல?"

"நடுவுல எக்ஸு சைபர். அங்கன எந்த ஒய்யைப் போட்டாலும் நாலு வராது."

அவன் இரண்டு வளைவுகளையும் விரலால் தடவினான். பிறகு மெதுவாகத்தான் கேட்டான்.

"இம்புட்டுத் தெரிஞ்ச நீ, இதை எதுக்கு அவன்ட்டப் போடச் சொன்ன?"

திருத்தங்கலில் ஆட்கள் இறங்கி, பஸ் மறுபடி கிளம்பியபோது, அவள் அந்தத் தாளை வாங்கி மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.